கூப்பிடுபாறையில் விட்டுப்போன ஆள்

மேலக்கானல்லருந்து கீழக்கானலுக்கு இறங்குற பாதை இருக்கே, அதுல காலைல ஏழு மணிக்குக் கால் வச்சா மத்தியானச் சாப்பாட்டுக்குக் கீழ போய்ச் சேந்துரலாம், முதல்ல சோலைக்காடு வரும், அப்புறம் குள்ளர் வீடுன்னு நாங்க சொல்ற பழங்காலத்துக் கல்வீடுக பதினேழு வரும், வெள்ளைக்காரன் காலத்துல துரைசாணிமாரை டோலியில வச்சுத் தூக்கிக்கிட்டு ஏறுனவங்க மூச்சு வாங்கி நின்ன சுமைதாங்கி வரும், அதுக்கும் கீழ காப்பித் தோட்டம், ஆரஞ்சுத் தோட்டம், இலவ மரங்க, அப்படியே கீழக்கானல் வந்துரும். பட்டணத்துலருந்து வர்ற பிள்ளைக இதை ட்ரெக்கிங்குன்னு சொல்லுதுக. நாங்க சோத்துக்கு இறங்குறதுன்னு சொல்லுவோம்.

ஏன்னா பாதி வழியில, சுமைதாங்கிக்கும் காப்பித் தோட்டத்துக்கும் நடுவுல, கூப்பிடுபாறைன்னு ஒண்ணு நீட்டிக்கிட்டு நிக்கும், முன்னால போற ஆளு அதுல ஏறி, ரெண்டு கையையும் வாய்க்கிட்டக் குவிச்சு, வர்றது எத்தனை பேருன்னு கீழ்ப்பக்கம் பாத்துக் கூவணும். பேரு சொல்லக் கூடாது, ஊரு சொல்லக் கூடாது, ஆம்பளை பொம்பளைன்னுகூடச் சொல்லக் கூடாது, எண்ணிக்கை மட்டுந்தான். கீழக்கானல் ஊத்துல தண்ணி பிடிக்கிற எவ காதுலயாவது அது விழும், அவ அன்னைக்கு முறைவீடு எதுவோ அங்க ஓடிப் போய்ச் சொல்லுவா, அந்த வீட்ல அத்தனை பேருக்கு உலை வச்சு அத்தனை இலை போடுவாங்க. செல்போன் வந்து பதினஞ்சு வருசமாகியும் ரெண்டு ஊரும் இதை விடல. கூவுன எண்ணிக்கையைத்தான் மலை கீழ விடும்னும், ஒருதரம் கூவிட்டா மாத்திக் கூவக் கூடாதுன்னும், போட்ட இலையைச் சும்மா எடுக்கக் கூடாதுன்னும், பாறையைத் தாண்டுன பின்னால முன்னால போறவ திரும்பிப் பாத்து ஆளை எண்ணக் கூடாதுன்னும் எங்களுக்குச் சொல்லி வளத்திருக்காங்க. சின்ன வயசுல நான் இதையெல்லாம் கேட்டுச் சிரிச்சவதான்.

நான் செவனம்மா. கட்டிக்கிட்டவன் கம்பத்துப் பக்கம் வேலைக்குப் போய் அங்கேயே ஒருத்தியைப் பிடிச்சுக்கிட்டான், போகட்டும், அவன் பேச்சு எதுக்கு. இருபது வருசமா ஞாயித்துக்கிழமை தவறாம வெளியூர் ஆளுகளைக் கூட்டிக்கிட்டு இறங்குறேன். முன்னால நான், கடைசியில என் தங்கச்சி பொம்மி, நடுவுல விருந்தாளிக. பொம்மி எனக்குப் பதினாலு வயசு இளையவ, அவளைப் பெத்துப் போட்டுட்டு எங்க அம்மா கண்ணை மூடிருச்சு, தூக்கிச் சுமந்ததெல்லாம் நான்தான். வாயின்னா வாயி, அப்படி ஒரு வாயி அவளுக்கு. விருந்தாளிக்குக் கல்வீட்டுக் கதை சொல்லுவா, அட்டை கடிச்சா அட்டையை வைவா, பேச ஆளில்லன்னா மரத்துக்கிட்டயாவது பேசிக்கிட்டு வருவா, அவ சத்தம் பின்னால கேட்டுக்கிட்டே இருக்கிறவரைக்கும் ஆளுக அம்புட்டும் பத்திரமா வருதுன்னு நான் நெனச்சுக்கிருவேன்.

ஐப்பசி மாசம் ஒரு சனிக்கிழமை, அடுப்படியில உக்காந்து கிழங்கு உரிச்சுக்கிட்டே சொன்னா, "அக்கா, நான் திருப்பூருக்குப் போகலாம்னு இருக்கேன். பனியன் கம்பெனியில சேத்துவிடுறேன்னு ஒரு பிள்ளை சொல்லியிருக்கு."

"எதுக்குடி? இங்க என்ன கொறச்சல்?"

"கொறச்சல்னு யாரு சொன்னா? எனக்கு முப்பத்தொண்ணு ஆச்சு. வேற ஊரு எப்படி இருக்குன்னு பாக்க வேணாமா?"

எனக்கு எங்கருந்துதான் அம்புட்டுக் கோவம் வந்துச்சோ தெரியல, "தாராளமாப் போ, நாளையிலருந்து ஒன்னை ஆள்லயே சேக்க மாட்டேன், நீ எனக்கு எண்ணிக்கையில இல்ல"ன்னு கத்திட்டேன். அவ அதுக்குச் சிரிச்சா. அந்தச் சிரிப்பு வேற எனக்கு ஏறிப்போச்சு.

மறுநாள் விருந்தாளிக அஞ்சு பேரு. எங்களோட சேத்து ஏழு. நான் கூப்பிடுபாறையில ஏறி நின்னு "ஆறூ"ன்னு கூவுனேன். தெரிஞ்சேதான் கூவுனேன், வீம்புக்கு. பொம்மி ஒரு வளைவு மேல, செருப்பு அறுந்த ஒரு பிள்ளையை முன்னால அனுப்பிட்டு வந்துக்கிட்டிருந்தா, அவ காதுல விழாம இருக்க வாய்ப்பே இல்ல. அங்கருந்து சண்டைக்கு வருவான்னு எதிர்பாத்தேன். ஒரு சத்தமும் வரல. சரி, இருக்கட்டும், நல்லா ஒறைக்கட்டும்னு நான் விறுவிறுன்னு இறங்கிட்டேன்.

கீழ முறைவீடு அன்னைக்குக் குருவம்மா மதினி வீடு. ஆறு இலை போட்டிருந்துச்சு, ஆறு பேரும் உக்காந்தோம். "சின்னவ எங்கடி?"ன்னு மதினி கேட்டா. "வருவா, வீம்பு பிடிச்சவ"ன்னு சொல்லிக்கிட்டே ரசம் வரைக்கும் சாப்பிட்டேன், மோரும் குடிச்சேன், கையும் கழுவினேன். அப்புறம் ஆம்பளைக மேல ஏறிப் போய்ப் பாத்தப்ப, பாறைக்கு மேல அந்த வளைவுலயே உசுரு போய்க் கிடந்தா. அன்னைக்கு மழையும் இல்ல, மண்ணு நனையவும் இல்ல, கல்லு ஒண்ணு மட்டும் கழண்டு வந்திருந்துச்சு.

ஆறுன்னு நான் கூவுனது கீழக்கானலுக்கே கேட்டுச்சு. ஒருத்தரும் என்கிட்ட அதைப் பத்திக் கேக்கல. கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும், அழுதாவது தீத்திருப்பேன்.

வீட்டுல எத்தனை நாள் சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க முடியும், தை மாசம் மறுபடி ஆளுகளைக் கூட்டிக்கிட்டு இறங்குனேன். எட்டுப் பேரு விருந்தாளிக. பாறையில ஏறுனேன், கையைக் குவிச்சேன், வாயி பாட்டுக்கு "பத்தூ"ன்னு கூவிருச்சு. இருபது வருசமா விருந்தாளியோட ரெண்டைச் சேத்துச் சேத்துக் கூவுன வாயி, அதுக்கு என்ன தெரியும். கூவி முடிச்சப்புறந்தான் எனக்கு உறைச்சுச்சு, மாத்திக் கூவவும் வழியில்ல, பின்னால திரும்பாம இறங்கிக் கீழ வந்தா, அன்னைக்கும் முறை மதினி வீட்டுக்குத்தான், அவ களத்துல பத்து இலை வரிசையாப் போட்டுத் தண்ணி தெளிச்சிருக்கு.

"மதினி, தப்பாக் கூவிட்டேன்"னேன்.

மதினி கரண்டியைக் கையில வச்சுக்கிட்டு என்னைத் தாண்டிப் பாத்தா. "தப்பு இல்ல, வந்துட்டா. நீ உக்காரு, சோறு ஆறுது"ன்னா.

பொம்மி காப்பி காயப்போடுற களத்து வழியா வந்து, வாசக்கல்லுல காலைக் கழுவிட்டு, அன்னைக்கு உடுத்தியிருந்த ஊதாச் சேலையோட, மேல போட்டிருந்த என் பழைய சட்டையோட, பத்தாவது இலையில உக்காந்தா. மதினி சோத்தைப் போட்டுட்டு, எல்லாரையும் கேக்குற மாதிரியே, "குழம்பா, தயிரா?"ன்னு கேட்டா. பொம்மி சோத்துக்கு நடுவுல குழி பண்ணுனா. மதினி குழம்பை ஊத்துனா. சாப்பிட்டு இலையை மடிச்சு, கை கழுவப் போனவ ஆரஞ்சு மரத்துக்கு அந்தப் பக்கம் போயி இல்லாமப் போயிட்டா.

அன்னைக்குச் சாயங்காலமே கீழக்கானல் பெரியதனக்காரர் மொக்கராசு மாமா ஊரைக் கூட்டினாரு. பூசாரி ஒரு சேவல் கேட்டாரு, குடுத்தாங்க, அறுத்துக் குழம்பு வச்சுச் சாப்பிட்டு முடிச்சுட்டு, இது பேயும் இல்ல, சாமியும் இல்ல, கூவுன எண்ணிக்கைக்குச் சாப்பிட வந்த பிள்ளை, இதுல நான் செய்யறதுக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாரு. அப்ப சேவல் எதுக்குய்யான்னு சேவல்காரி சண்டைக்குப் போனது தனிக்கதை. கடைசியில, கூவுனா உலை வைக்கிறது நம்ம வேலை, வர்றது யாருன்னு கேக்குறது நம்ம வேலை இல்லன்னு பேசி முடிச்சுக் கலைஞ்சாங்க.

நான் அதுக்கப்புறம் தெரிஞ்சே ஒண்ணு கூட்டிக் கூவ ஆரம்பிச்சேன், ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அவ வந்தா. முதல் மாசம் பிள்ளைகளை வீட்டுக்குள்ள அடைச்சு வச்சாங்க, ரெண்டாம் மாசம் பிள்ளைக அவ பக்கத்துலயே உக்காந்து அவ இலையில அப்பளத்தைத் திருடித் தின்னுச்சுக. "உசுரோட இருக்கையில எதைப் போட்டாலும் திம்பா, இப்ப என்னமோ புளி கூடுனா இலையைத் தள்ளி வைக்கிறா"ன்னு பொம்பளைக கொறைபட்டுக்கிட்டாங்க. பொங்கலுக்கு எடுக்காம விட்டுட்டோமேன்னு ஊர்ப் பொதுவுல ஒரு சேலை எடுத்து இலைக்குப் பக்கத்துல வச்சாங்க, அதை அவ தொடல. வழியில என் செவலை மாட்டைப் பாத்தியா தாயீன்னு வீரணன் சித்தப்பா வாராவாரம் வந்து கேட்டுட்டுப் போவாரு. விருந்தாளிகளுக்கு ஒரு வித்தியாசமும் தெரியல, அவங்களுக்கு அவ கடைசியில வர்ற பேசாத அக்கா, அம்புட்டுத்தான். பெங்களூர்லருந்து வந்த ஒரு பிள்ளை போன்ல எழுதிப் போட்டிருந்துச்சாம், வழுக்குற எடத்துல பின்னால வந்த அக்கா கையைப் பிடிச்சுக்கிட்டாங்க, கை ரொம்பச் சில்லுன்னு இருந்துச்சு, அவங்களுக்கு நன்றின்னு. ஊரே அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுச்சு. எனக்கு வயிறு எரிஞ்சுச்சு. எவளோ ஒருத்திக்குக் கையைக் குடுக்குறா, பெத்தவ மாதிரி வளத்தவளை ஏறெடுத்துப் பாக்க மாட்டேங்கிறா.

ஆமா, அவ என்னைப் பாக்கல. ஒரு வார்த்தை பேசல. எனக்கு வேண்டியது அது ஒண்ணுதான். ஆறுன்னு கூவுனது நெஞ்சுல முள்ளா நிக்குது, அதை அவ மன்னிச்சாளா இல்லையான்னு எனக்குத் தெரியணும். பக்கத்து இலையில உக்காந்து, "அடியே, வையவாவது செய்யி, நாசமாப் போன்னாவது சொல்லு"ன்னு கெஞ்சுவேன். அவ சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டிருப்பா. அந்த வாயாடி, மரத்துக்கிட்டப் பேசுனவ, எனக்கு ஒரு சொல்லு தர மாட்டேன்னுட்டா.

சித்திரையில ஒரு ஞாயித்துக்கிழமை கோடை மழை அடிச்சுத் தார்ரோட்டுல மரம் சாஞ்சுருச்சு. சாப்பிட்டு முடிச்ச விருந்தாளிகளை எப்பவும் ஜீப்பு வந்து ஏத்திக்கிட்டு மலையைச் சுத்தி மேல கொண்டுபோய் விடும், நானும் அதுலயே தொத்திக்கிட்டுப் போயிருவேன். இந்தப் பாதையில ஏறுறவங்க இப்ப யாருமில்ல. அன்னைக்கு ஜீப்பு வரல, விருந்தாளிகளைக் கீழேயே தங்க வச்சுட்டு, வீட்டுல ஆடு கட்டிக் கிடக்குதேன்னு நான் மட்டும் நடந்து ஏறுனேன். காப்பித் தோட்டத்துக்கிட்டப் போகையில முன்னால யாரோ இரைக்கிற சத்தம். பாத்தா பொம்மி. ரெண்டு கையையும் ஊனித் தவழ்ந்து ஏறிக்கிட்டிருக்கா, முழங்கால்ல சேலை கிழிஞ்சு தொங்குது, உள்ளங்கை தோலுரிஞ்சு கிடக்குது, நாலு எட்டு ஏறுறதும் நெத்தியை மண்ணுல வச்சுப் படுக்குறதுமா ஏறுறா.

இறங்கிச் சாப்பிடுறவ எப்படி மறுபடி மேல போறான்னு நான் ஒரு நாளாவது நெனச்சனா? நெனக்கல. ஊரே நெனக்கல. நான் ஓடிப்போய்க் கையை நீட்டுனேன், அவ பிடிக்கல. இருட்டுறதுக்குள்ள அவ ஏறுனது ஒரு ஐம்பது அடி இருக்கும். புதங்கிழமை வந்து பாத்தேன், அப்பத்தான் பாறைக்கு அடியில வந்திருந்தா. சனிக்கிழமை பாத்தேன், பாறைக்கு மேல அந்த வளைவுல, கல்லு கழண்ட எடத்துல, முழங்கால்ல தலையை வச்சு உக்காந்திருந்தா. ஒரு வேளைச் சோத்துக்கு, நான் ஒரு எண்ணு கூட்டிக் கூவறதுக்கு, வாரம் பூராவும் தவழ்ந்துக்கிட்டிருந்திருக்கா என் பிள்ளை.

வீட்டுக்கு வந்து மதினிக்குப் போன் போட்டு அழுதேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, "அப்ப நிறுத்து. நாளைக்கு எண்ணிக்கையைச் சரியாக் கூவு"ன்னா.

"சரியாக் கூவறதுன்னா அவளை விட்டுட்டுக் கூவறது மதினி. ஒருதரம் விட்டுட்டுக் கூவித்தான் இப்படி நிக்குறேன்."

"அதுக்குன்னு அவளைத் தவழவிட்டு நீ பக்கத்துல உக்காந்து சோறு திம்பியா?"

மறுநாள் ஏழு விருந்தாளிக, நான் ஒருத்தி. பாறையில ஏறி நின்னேன். மேல வளைவுல அவ உக்காந்து கேட்டுக்கிட்டிருக்கான்னு தெரியும். "எட்டூ"ன்னேன். கீழ எட்டு இலை. நான் சாப்பிட்டேன்னு பேரு.

நல்லது செஞ்சோம்னு நெனச்சா, கீழக்கானலே என்னை வையுது. அவளுக்குன்னு புளி கொறச்சு வச்ச குழம்பை என்ன செய்யன்னு ஒருத்தி கேக்குறா, பொம்மியத்தை ஏன் வரலன்னு பிள்ளைக அழுகுதுக, வீட்டுக்கு வர்ற பிள்ளையை வேணாம்னு சொல்ல நீ யாருன்னு மொக்கராசு மாமாவே முகத்தைத் திருப்பிக்கிட்டாரு. மதினி மட்டும் என் பக்கம் நின்னா. மூணு வாரம் சரியான எண்ணிக்கையைக் கூவுனேன், மூணு வாரமும் அவ வரல. அந்த வளைவுல வர்றப்ப நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டே வந்துருவேன். அவ தூங்கிட்டாளா, இல்ல ரெண்டாந்தரமும் விட்டுட்டாளே பாவின்னு என்னையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காளான்னு பாக்க எனக்குத் துணிச்சல் இல்ல.

வைகாசியில எனக்குக் காய்ச்சல் வந்துச்சு, எந்திரிச்சு ஒரு வாய்த் தண்ணி குடிக்க முடியாத காய்ச்சல். ஒரு புதங்கிழமை, விருந்தாளி ஒருத்தரும் ஊருல கிடையாது, பகல் பதினோரு மணி வெயில் வாசல்ல விழுந்து கிடக்குது, நான் பாயில சுருண்டு கிடக்குறேன். கூப்பிடுபாறையிலருந்து கூவுற சத்தம் கேட்டுச்சு. மேலக்கானல் வரைக்கும் அந்தச் சத்தம் என்னைக்கும் ஏறி வந்ததில்ல, அன்னைக்கு வந்துச்சு.

"ரெண்டூ."

பொம்மி குரலு. எனக்குத் தெரியாதா அந்தக் குரலு. தெருவுல தண்ணி பிடிச்சுக்கிட்டிருந்தவங்க குடத்தை அப்படியே வச்சுட்டு என் வாசலுக்கு வந்து நின்னாங்க. ஒருத்தரும் உள்ள வரல.

போன் அடிச்சுச்சு, மதினி. "கேட்டியாடி?"

"கேட்டேன்."

"இன்னைக்கு முறை எனக்குத்தான், உலை வச்சுட்டேன், ரெண்டு பேருக்கு. கூவுனா வைக்காம என்ன செய்யறது." மூக்கை உறிஞ்சிக்கிட்டா. "இந்தா பாரு, ஒனக்குக் காய்ச்சல்னு எனக்குத் தெரியும். அவ கூப்பிட்டு நீ இறங்குனா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. நீ வர வேணாம். ரெண்டு இலையிலயும் நானே உக்காந்து சாப்பிட்டுர்றேன். வர்றது எனக்கு வரட்டும்."

என்ன மனுசி பாருங்க அவ. ஆனா நான் பாயிலருந்து எந்திரிச்சுட்டேன். பயமா இல்லையான்னா, பயந்தான், கொண்டையைக்கூட முடிய முடியல. அதையும் மீறி ஒரு சந்தோசம் நெஞ்சை அடைக்குது. நாலு மாசமா இலையில உக்காந்து ஒரு சொல்லுக்குக் கெஞ்சுனேன், குடுத்துட்டா. ரெண்டுன்னு சொல்லிட்டா. என்னையும் சேத்து எண்ணிட்டா.

"வேணாம் மதினி, நான் வாரேன்"னு சொல்லிட்டு, ஆட்டை அவுத்துப் பக்கத்து வீட்டுக்காரி கையில குடுத்துட்டு, வாசல்ல நின்னவங்க ரெண்டு பக்கமும் ஒதுங்கி வழி விட, நடந்தேன். சோலைக்காடு தாண்டுனேன், கல்வீடுகளைத் தாண்டுனேன், சுமைதாங்கியில கையை ஊனி மூச்சு வாங்கிக்கிட்டேன். கல்லு கழண்ட வளைவுல யாரும் இல்ல. பாறைக்கு வந்து பாத்தா, அதுக்குக் கீழ, பாதையில, ஊதாச் சேலை நிக்குது.

கூவுனவ அவ, அதனால முன்னால போறவ அவ, திரும்பிப் பாக்கக் கூடாது. நான் கடைசி ஆளு. இருபது வருசத்துல முதல் தடவையா ஒருத்தி பின்னால, எனக்குப் பின்னால யாருமில்லாம இறங்குனேன், அது எம்புட்டுப் பயமான எடம்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு. "பொம்மீ, மெதுவாப் போடி, முடியல"ன்னேன். அவ பேசல. திரும்பவும் இல்ல. ஆனா நின்னா. நான் தட்டுத்தடுமாறிக் கிட்ட வர்ற வரைக்கும் நின்னு, என் மூச்சுச் சத்தம் காதுல விழுந்தப்புறந்தான் அடுத்த எட்டு வச்சா. அடுத்த வளைவுல நான் திரும்புறப்ப, அங்கயும் நின்னுக்கிட்டிருந்தா.